இன்ஃப்ளெக்சன்: சொல் திரிபும் குரல் திரிபும் – மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

இன்ஃப்ளெக்சன் என்பது ஆங்கில இலக்கணத்திலும் பேச்சுப் பயிற்சியிலும் ஒருங்கே வழங்கும் கலைச்சொல் ஆகும். இலக்கணத்தில் இது, ஒரு சொல் தன் அடிப்படைப் பொருள் மாறாமல் எண், காலம், இடம், வேற்றுமை ஆகியவற்றுக்கு ஏற்ப வடிவம் திரிவதைக் குறிக்கும். பேச்சில், குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலித்துப் பொருளை வேறுபடுத்துவதைக் குறிக்கும். தமிழ் இலக்கண மரபு இவ்விரண்டையும் அறிந்திருந்தது. மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கல்வெட்டுத் தமிழ், செய்யுள் இலக்கணம், ஐரோப்பியப் பாதிரியாரின் தமிழ்க் கல்வி, ஆங்கிலக் கல்வி ஆகிய நான்கையும் கண்ட பகுதியாதலால், திரிபு பற்றிய சிந்தனை வளர்ந்த வழியை இவ்வட்டாரத்தை வைத்தே பெருமளவு விளக்கலாம்.

சொல்லின் வரலாறு

இன்ஃப்ளெக்சன் என்ற சொல் ‘வளைத்தல்’ என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வளைவது சொல்லாகவும் இருக்கலாம், குரலாகவும் இருக்கலாம். அதனால் இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கின. வேற்றுமையைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோ ‘விழுதல்’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது. பெயர்ச்சொல்லின் நேர்வடிவம் நிமிர்ந்து நிற்பதாகவும், மற்ற வடிவங்கள் அதிலிருந்து சாய்ந்து விழுவதாகவும் கிரேக்க, லத்தீன் இலக்கணிகள் கருதினர்.

தமிழில் வழங்கும் ‘வேற்றுமை’ என்ற சொல்லில் இந்தச் சாய்வு இல்லை. பெயரின் பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை. அவ்வாறு வேறுபடுத்தும் உறுப்பு உருபு. ஐரோப்பிய மரபு சொல்லின் வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழ் மரபு உருபு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட்டது. இந்த வேறுபாடு பிற்கால இலக்கண விவாதங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது.

மாங்குளம் கல்வெட்டில் உருபு

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தின் குன்றில் சமண முனிவர்களுக்கு அளிக்கப்பட்ட குகைத்தளங்களில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றை 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். ‘நெடுஞ்சழியன்’ என்ற பெயர் இவற்றில் இடம்பெறுவதை 1965-இல் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். இக்கல்வெட்டுகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அவர் கணித்தார்.

இவற்றுள் ஒன்றில், கொடை பெறும் துறவியின் பெயர் ‘குவன்கே’ என்ற வடிவத்தில் வருகிறது என்பது மகாதேவனின் வாசிப்பு. ‘குவன்’ என்ற பெயருடன் ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபும், ‘ஏ’ என்ற இடைச்சொல்லும் சேர்ந்த வடிவம் இது. கொடை யாருக்கு என்பதை ‘கு’ காட்டுகிறது. ‘அவருக்கே’ என்ற அழுத்தத்தை ‘ஏ’ காட்டுகிறது.

இன்றைய மதுரைத் தெருவிலும் ‘அவனுக்கே குடு’ என்னும்போது இவ்விரு உறுப்புகளும் இதே வரிசையில் வருகின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘டு’ என்ற முன்னிடைச்சொல்லும், ‘ஹிம்’ என்ற சொல்லின் மீது குரல் அழுத்தமும் வேண்டும். தமிழில் ஒரு சொல்லின் இறுதியில் அடங்கும் இரண்டு செய்திகள், ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல்லுக்கும் குரலுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. சொல் திரிபும் குரல் திரிபும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யக்கூடியவை என்பதற்கு இது தெளிவான சான்று.

தமிழ் இலக்கண மரபில் சொல் திரிபு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு ஆகிய மூன்று வேற்றுமைக்கு உரியவை. வேற்றுமை ஏழு என்றும், விளியையும் சேர்த்தால் எட்டு என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்ற உருபைத் தலைமையாக வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் ஆல், ஆன், ஓடு, ஒடு ஆகியவற்றை மூன்றாம் வேற்றுமைக்கு உருபுகளாகத் தருகிறார். இடைப்பட்ட காலத்தில் மொழியில் நேர்ந்த மாற்றத்தை இவ்வரிசை காட்டுகிறது.

தமிழின் திரிபைப் பிறமொழிச் சட்டகத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் தமிழ் வேற்றுமைகளை வடமொழி முறையில் விளக்கியது. 17-ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரி சுப்பிரமணிய தீட்சிதர் பிரயோக விவேகத்தில் இப்பார்வையை விரிவாக முன்வைத்தார். அதே நூற்றாண்டில் சுவாமிநாத தேசிகர் எழுதிய இலக்கணக்கொத்து, தன் மூன்று இயல்களுள் ஒன்றை முழுமையாக வேற்றுமைக்கே ஒதுக்கியது. தமிழ் வேற்றுமை வடமொழி வேற்றுமையோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பது அக்காலப் புலவர்களிடையே பேசப்பட்ட பொருளாக இருந்தது.

தமிழ் இலக்கண மரபில் குரல் திரிபு

நன்னூல் எழுத்தியலில் எழுத்துகளின் பிறப்பைக் கூறி முடிக்கும் இடத்தில், எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஒலிப்பு முயற்சிகளால் ஒலிகள் சிறிது திரியும் என்று கூறப்படுகிறது. எடுத்தல் குரலை உயர்த்துவது. படுத்தல் தாழ்த்துவது. நலிதல் இடைப்பட்டது. ‘திரிபு’ என்ற சொல்லையே நன்னூல் இங்குப் பயன்படுத்துகிறது.

உரையாசிரியர்கள் இதைச் சொல்லிலக்கணத்துக்கும் கொண்டுவந்தனர். ‘வந்தான்’ என்பது ‘அவன் வந்தான்’ என்ற தொடரில் வினைமுற்று. ‘வந்தானைக் கண்டேன்’ என்ற தொடரில் வந்தவனைக் குறிக்கும் வினையாலணையும் பெயர். உருபு சேராத இடத்தில் இரண்டுக்கும் எழுத்து வடிவம் ஒன்றே. இத்தகைய சொற்கள் படுத்தலோசையால் பெயராகும் என்று உரைகள் விளக்குகின்றன. எழுத்தால் பிரிக்க முடியாததைக் குரலால் பிரிக்கலாம் என்பதே இதன் கருத்து.

ஆங்கிலத்திலும் இதற்கு ஒத்த நிகழ்வு உண்டு. ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லின் முதலசையை அழுத்தினால் அது ‘பதிவு’ என்ற பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் ‘பதிவு செய்’ என்ற வினை. ‘பிரசென்ட்’, ‘அப்ஜெக்ட்’ முதலிய பல சொற்களும் இவ்வாறே நடக்கும். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் இதன் அடிப்படை அவரது சொந்த இலக்கண மரபின் உரைகளிலேயே உள்ளது.

லத்தீன் சட்டகமும் மதுரை மிஷனும்

தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உருவானது. புன்னைக்காயலை மையமாகக் கொண்டு பணியாற்றிய போர்த்துக்கேய இயேசு சபைப் பாதிரியார் அன்றிக்கே அன்றீக்கசு, 1549 அளவில் போர்த்துக்கேய மொழியில் இதை எழுதினார். லத்தீன் இலக்கண முறையைப் பின்பற்றிய இந்நூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே இருந்தது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளியானது.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு இப்பணி நகர்ந்தபோது மதுரை அதன் மையமானது. நாயக்கர் ஆட்சியில் இருந்த மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நோபிலி தமிழ், வடமொழி, தெலுங்கு ஆகியவற்றைக் கற்றார். அவரது முயற்சியால் வலுப்பெற்ற மதுரை மிஷனில் 1711-இல் இணைந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி எனப்படும் வீரமாமுனிவர் (1680–1747). இதற்கிடையில் தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சாகியிருந்தது.

இவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளிதாக விளங்கக்கூடியது. லத்தீனில் எழுவாய், உடைமை, கொடை, செயப்படுபொருள், விளி, நீக்கம் என ஆறு வேற்றுமைகள் வழக்கமாகக் கற்பிக்கப்பட்டன. தமிழின் ‘ஆல்’, ‘ஓடு’, ‘இல்’, ‘இலிருந்து’ ஆகிய நான்கும் வெவ்வேறு பொருள் தருபவை. லத்தீன் அட்டவணையில் இவற்றுக்குத் தனித்தனி இடமில்லை. இவை அனைத்தையும் நீக்க வேற்றுமை என்ற ஒரே கட்டத்தில் அடைக்க வேண்டியிருக்கும். மறுபுறம், ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாட்டுக்கு லத்தீனில் இணை இல்லை.

வீரமாமுனிவர் இச்சிக்கலை ஒரே நூலால் தீர்க்க முயலவில்லை. வழக்குத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என லத்தீனில் இரு இலக்கணங்களை எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-இல் சென்னையில் வெளியிட்டார். தமிழறிஞருக்காகத் தமிழிலேயே எழுதிய தொன்னூல் விளக்கத்தில் அவர் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்திலக்கண முறையைப் பின்பற்றினார். வெளியிலிருந்து கற்போருக்கு ஒரு முறையும், உள்ளிருந்து கற்போருக்கு மற்றொரு முறையும் தேவை என்பதை இந்நூல்கள் காட்டுகின்றன. கற்பவருக்கு முன்பே தெரிந்த மொழி எது என்பதைப் பொறுத்து இலக்கண விளக்கம் மாற வேண்டும் என்ற இக்கருத்து இன்றைய மொழிக் கல்விக்கும் பொருந்தும்.

ஒட்டுநிலையும் உயர்வு தாழ்வும்

19-ஆம் நூற்றாண்டில் இன்ஃப்ளெக்சன் என்ற சொல் மொழிகளைத் தரம் பிரிக்கும் அளவுகோலாக மாறியது. 1808-இல் செருமானிய அறிஞர் பிரீட்ரிக் ஷ்லேகல், சொல்லின் வேரே திரியும் மொழிகளை உயிருள்ளவை போன்றவை என்றும், உறுப்புகளை ஒட்டிச் செல்லும் மொழிகளை இயந்திரத் தன்மை கொண்டவை என்றும் பிரித்தார். இதிலிருந்து தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்பு நிலை என்ற முப்பிரிவு உருவானது. வடமொழி, கிரேக்கம், லத்தீன் ஆகியவை மேல்நிலையில் வைக்கப்பட்டன. தமிழ் ஒட்டுநிலை மொழிகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தமிழ் வேற்றுமை உருபுகளைப் பின்னொட்டுகளாகவே விளக்கினார். எட்டு வேற்றுமை என்ற எண்ணும் வரிசையும் வடமொழியைப் பின்பற்றியவை என்பதும், பின்னொட்டுகள் எத்தனையோ அத்தனை வேற்றுமைகள் உண்டு எனக் கொள்ளலாம் என்பதும் அவரது வாதம். லத்தீன், வடமொழி ஆகிய இரு சட்டகங்களிலிருந்தும் தமிழை விடுவித்துப் பார்க்க இவ்வாதம் உதவியது.

எனினும், தமிழ் வெறுமனே உறுப்புகளை ஒட்டிச் செல்லும் மொழி என்ற எளிய படம் முழு உண்மையன்று. ‘மரம்’ என்பதுடன் ‘ஐ’ சேரும்போது ‘மரத்தை’ ஆகிறது. ‘வீடு’ ‘வீட்டை’ ஆகிறது. ‘நான்’ ‘என்னை’ ஆகிறது. ‘வா’ என்ற வினை ‘வந்தான்’, ‘வருவான்’ என வேர் திரிந்தே நடக்கிறது. இவற்றைத் தமிழ் இலக்கணிகள் சாரியை, விகாரம் என்ற தலைப்புகளில் நுட்பமாக விளக்கியுள்ளனர். பின்னாளில் மொழியியலாளர் இத்தகைய தர வரிசையைக் கைவிட்டனர். வடிவ வேறுபாடு உயர்வு தாழ்வுக்குச் சான்றாகாது என்பதே இன்றைய மொழியியலின் நிலைப்பாடு.

இவ்வரிசையில் ஆங்கிலத்தின் இடமும் கவனிக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் பல இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. இன்றைய ஆங்கிலத்தில் பொதுவாக எட்டு திரிபு விகுதிகளே எண்ணப்படுகின்றன: பன்மை, உடைமை, படர்க்கை ஒருமை நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்சம், ‘இங்’ வடிவம், ஒப்புநிலை, மீஉயர்நிலை. திரிபை அளவுகோலாகக் கொண்டால் ஆங்கிலம் தமிழைவிட மிகக் குறைந்த திரிபுடையது.

மதுரையில் ஆங்கிலக் கல்வி

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரையில் தன் கிளையைத் தொடங்கியது. திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய அதன் குருமடப் பள்ளி 1845-இல் பசுமலைக்கு மாறியது. 1881-இல் பசுமலையில் கல்லூரி தோன்றியது. அது பின்னர் மதுரை நகருக்கு மாற்றப்பட்டு அமெரிக்கன் கல்லூரி என வளர்ந்தது. 1948-இல் பெண்களுக்கான லேடி டோக் கல்லூரி நிறுவப்பட்டது.

ஐரோப்பியர் தமிழைக் கற்ற காலத்துச் சிக்கல் இப்போது எதிர்த்திசையில் திரும்பியது. ஆங்கில இலக்கண நூல்களும் லத்தீனை மாதிரியாகக் கொண்டே வளர்ந்தவை. எனவே தமிழ் மாணவர், தம் மொழிக்கும் பொருந்தாத, ஆங்கிலத்துக்கும் முழுமையாகப் பொருந்தாத ஒரு சட்டகத்தின் வழியாக ஆங்கிலத்தைக் கற்க நேர்ந்தது.

தமிழாய்வும் இந்நகரில் தொடர்ந்து நடந்தது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் பொறுப்பேற்றார். தமிழ் மொழி வரலாற்றை மொழியியல் நோக்கில் எழுதிய அவர், பழைய உரைகளையும் புதிய மொழியியலையும் ஒருங்கே கற்றவர்.

மதுரைப் பேச்சுத் தமிழில் திரிபு

எழுத்துத் தமிழில் ‘வந்தார்கள்’ என்பது பலர் வந்ததைக் குறிக்கும். பேச்சில் இது ‘வந்தாங்க’ ஆகி, ஒருவரை மதித்துச் சொல்லவும் பலரைச் சொல்லவும் பயன்படுகிறது. மதுரை வட்டாரப் பேச்சில் ‘வந்தாய்ங்க’ என்ற மற்றொரு வடிவமும் உண்டு. ‘அவய்ங்க வந்தாய்ங்க’ என்றால் பலர் வந்தனர் என்பதுடன், சொல்பவர் அவர்களுக்குத் தனி மரியாதை காட்டவில்லை என்பதும் பொதுவாக விளங்கும். ‘அம்மா வந்தாங்க’ என்பவர் ‘அம்மா வந்தாய்ங்க’ என்று சொல்வதில்லை. எழுத்து வழக்கில் இல்லாத ஒரு வேறுபாட்டை வட்டார வழக்கு ஒரு விகுதியால் காட்டுகிறது. எனவே இதைக் கொச்சை என்று ஒதுக்குவதைவிட, வாழும் திரிபு எனக் கொள்வதே பொருந்தும்.

‘சொன்னேன்ல’ என்பதில் இறுதியில் நிற்கும் ‘ல’, ‘சொன்னேன் இல்லையா’ என்று கேட்பவரின் ஒப்புதலை நாடுகிறது. ‘வர்றியா’ என்பதில் ‘ஆ’ வினாவைக் காட்டுகிறது. குரல் ஏறாவிட்டாலும் அது வினாதான்.

ஆங்கிலம் கற்போருக்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்குப் பயன்படும் செய்திகள் மூன்று.

முதலாவது, சொல் வரிசை. ‘ராமு கண்ணனை அழைத்தான்’, ‘கண்ணனை ராமு அழைத்தான்’ ஆகிய இரண்டிலும் அழைத்தவன் ராமுதான். ‘ஐ’ உருபு அதைக் காக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்கள் இடம் மாறினால் அழைத்தவனே மாறிவிடுவான். இழந்த வேற்றுமை விகுதிகளின் வேலையை ஆங்கிலத்தில் சொல் வரிசையும் முன்னிடைச்சொற்களும் செய்கின்றன.

இரண்டாவது, அழுத்தம். ‘ராமுதான் மதுரைக்குப் போனான்’, ‘ராமு மதுரைக்குத்தான் போனான்’ என்ற இரண்டையும் ‘தான்’ நிற்கும் இடம் பிரிக்கிறது. ஆங்கிலப் பேச்சில் ‘ராமு வென்ட் டு மதுரை’ என்ற ஒரே தொடரில் எந்தச் சொல்லின் மீது குரல் ஏறுகிறது என்பதே இதைப் பிரிக்கும். எல்லாச் சொற்களையும் ஒரே அளவில் ஒலித்தால் இலக்கணப் பிழை இராது. ஆனால் சொல்ல வந்த அழுத்தம் கேட்பவரைச் சேராது.

மூன்றாவது, மரியாதை. ‘அந்தப் புத்தகத்தைக் குடுங்க’ என்பதில் ‘ங்க’ மரியாதையைச் சுமக்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ‘கிவ் மீ தட் புக்’ என்றாகும். ‘ங்க’ விகுதிக்கு நேரான உறுப்பு ஆங்கில வினையில் இல்லை. ஆகவே மரியாதை முழுவதும் உதிர்ந்து, வெறும் கட்டளை மிஞ்சுகிறது. ஆங்கிலத்தில் அதை ‘குட் யூ’, ‘ப்ளீஸ்’ போன்ற சொற்களாலும் மென்மையான குரலாலும் மீட்க வேண்டும். பணிவாகப் பேசுவதாக எண்ணும் மாணவர், நேர்முகத் தேர்வில் அதிகாரமாகப் பேசுபவராகத் தோன்ற இது காரணமாகலாம். பிழை அவரது பண்பில் இல்லை. விகுதியில் இருந்த பண்பு மொழிபெயர்ப்பில் இடம் மாறாமல் விடுபட்டதே காரணம்.

படர்க்கை ஒருமை வினையில் ‘ஸ்’ விடுபடுவதும் இவ்வாறே நோக்கத்தக்கது. ‘வருகிறான்’ என்பதிலுள்ள ‘ஆன்’ விகுதி, எழுவாய் இல்லாமலே வருபவன் ஒருவன், ஆண் என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்ற சொல் கட்டாயம் நிற்பதால் ‘ஸ்’ புதிய செய்தி எதையும் தருவதில்லை. உலகின் பல மொழியினரும் ஆங்கிலம் கற்கும்போது இந்த விகுதியைத் தாமதமாகவே கைக்கொள்கின்றனர்.

ஒவ்வொரு மொழியும் எண், உறவு, அழுத்தம், மரியாதை ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் இவற்றுள் பெரும்பகுதியைச் சொல்லின் இறுதியில் வைத்தது. ஆங்கிலம் சொல் வரிசையிலும் துணைச்சொற்களிலும் குரலிலும் பகிர்ந்து வைத்தது. மாங்குளத்துக் கல்லில் ‘கே’ என்ற ஓரெழுத்துக்குள் அடங்கிய கொடையையும் அழுத்தத்தையும், ஆங்கிலம் கற்பவர் ஒரு முன்னிடைச்சொல்லிலும் ஒரு குரல் ஏற்றத்திலும் தேடிக் கண்டுகொள்ள வேண்டியுள்ளது.